பழைய டோசர் எஞ்சினில் கிராங்க் ஏன் உடைந்தது? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

கிராங்க் (பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) உடைந்த எஞ்சினைத் திறந்ததும் கை தானாகத் துணியைத் தேடும். துடைத்துவிட்டு இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து பொருத்திப் பார்க்காதீர்கள். ஏன் உடைந்தது என்பதற்கான தடயம் அந்த உடைந்த முகத்தில்தான் இருக்கிறது, உரசினால் போய்விடும். காரணம் தெரியாமல் வேறு கிராங்க் போட்டால் அதுவும் உடையும். அதனால் கழற்றி மாட்டுவதைவிடக் காரணம் தேடுவதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: உடைந்த முகத்தைப் பாருங்கள்

டீசல் ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் முகம் இரண்டு விதமாகத் தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, குளத்தில் கல் விழுந்ததும் விரியும் வளையங்கள்போல வரிவரியாக இருக்கும். மற்றது கற்கண்டை உடைத்ததுபோலச் சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பு என்பது விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த பாதை. சொரசொரப்பு, கடைசியாக ஒரே அடியில் முறிந்த இடம். வளையங்கள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. சொரசொரப்பான பகுதி சிறியதாக இருந்தால், அதிகச் சுமை இல்லாமலே விரிசல் நெடுநாள் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து திசை. கனெக்டிங் ராடு பிடிக்கும் உருண்டைப் பகுதியான பின் (pin) ஜர்னலும், அதை மெயின் ஜர்னலோடு இணைக்கும் பக்கவாட்டுத் தகடான வெப்பும் சேரும் வளைந்த மூலையில் தொடங்கி, வெப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பிளாக்கில் (எஞ்சின் உடலில்) உட்கார்ந்து சுற்றும் மெயின் ஜர்னல் பக்கம் போயிருந்தால், கிராங்க் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. ஆயில் துளையருகே தொடங்கி 45 டிகிரி சாய்வில் திருகாணிபோல ஓடியிருந்தால் அது முறுக்கின் வேலை. முதலாவது என்றால் படி 2-க்கும், இரண்டாவது என்றால் படி 3-க்கும் கூடுதல் கவனம் கொடுங்கள்.

சாய்வாக உடைந்த கிராங்க் சில நேரம் பல்லோடு பல் கோத்ததுபோல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொடர்ந்து சுற்றும். ஓட்டுபவருக்குத் தட்டும் சத்தம் மட்டுமே கேட்கும். அப்படி ஓடியிருந்தால் முகம் தேய்ந்து மினுமினுக்கும். ஓரங்களில் மிஞ்சிய இடத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

படி 2: பேரிங்குகளை வரிசையாக அடுக்குங்கள்

மெயின் பேரிங் ஷெல்களை (மெயின் ஜர்னலைத் தாங்கும் அரைவட்டத் தகடுகளை) எண் போட்டு, இருந்த வரிசையிலேயே மேசையில் வையுங்கள். நடுவில் தேய்மானம் அதிகமாகவும் ஓரங்களுக்குப் போகப் போகக் குறைவாகவும் இருந்தால், பிளாக்கின் மெயின் துளைகள் நேர்கோட்டில் இல்லை அல்லது கிராங்க் வளைந்திருக்கிறது. தாங்குதல் இல்லாத இடத்தில் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி உடைப்பதும் இதே கதைதான். நேரான பட்டையைத் துளைகளின் மேல் நீளவாக்கில் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஆயில் இடைவெளியில் (ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் நிற்கும் இடத்தில்) பாதி அளவுள்ள தகடு நுழைந்தாலே, துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைந்தெடுக்கும் லைன் போரிங் தேவை.

ஆயில் ஃபில்டரையும் வெட்டி விரியுங்கள். செம்பு நிறத் துகள் இருந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போய் உள்ளே இருக்கும் செம்பு அடுக்கு தேய ஆரம்பித்துவிட்டது.

படி 3: முன்பக்க டேம்பர்

பலர் இதை வெறும் புல்லி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் வெடிக்கும்போதும் கிராங்க் கொஞ்சம் முறுக்கி விடுபடும். குறிப்பிட்ட வேகங்களில் அந்த அதிர்வு பெரிதாக வளரும். அதை விழுங்குவதற்குத்தான் டேம்பர். ரப்பர் டேம்பர் என்றால் ரப்பரில் வெடிப்பு, ஊறிப்போன இடம், வளையம் நகர்ந்திருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். சிலிகான் திரவம் உள்ள டேம்பரில் வெளிக்கூட்டில் ஒரு நசுங்கல் போதும், உள்ளே மிதக்கும் வளையம் சிக்கி நின்றுவிடும். அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றக் கூடாது என்பது இதனால்தான். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 4: எப்படி ஓடியது என்று கேளுங்கள்

வேகம் குறைந்து திணறும்போதும் கியர் மாற்றாமல் இழுத்தார்களா? இறக்கத்தில் வண்டியே எஞ்சினைத் தள்ளிச் சுற்ற விட்டார்களா? இரண்டாவது மிக மோசம். சுழலும் பாகங்களின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் 20 சதவீதம் கூடினால் விசை 44 சதவீதம் கூடும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைத்தான் குறைக்கும், சரிவைக் குறைக்காது.

படி 5: போடப்போகும் கிராங்க்கைச் சோதியுங்கள்

இதில் அவசரமே வேண்டாம். ஆயில் வழிகளின் அடைப்புத் திருகுகளைக் கழற்றி உள்ளே இருக்கும் கசடு முழுவதையும் எடுங்கள். அப்புறம் மண்ணெண்ணெயில் நன்றாக நனைத்து ஊறவிட்டு, காயத் துடைத்து, சாக்பீஸ் தூளை மெல்லிய பூச்சாகத் தடவிக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் தலைமுடிபோல ஈரக்கோடு வரும். வளைந்த மூலைகளையும் ஆயில் துளை ஓரங்களையும் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஆனால் இந்த முறைக்குச் சிக்காத நுண்விரிசலும் உண்டு. வசதி இருந்தால் காந்தத் துகள் சோதனை (கிராங்க்கைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் தூவி விரிசலைக் காணும் முறை) செய்துவிடுங்கள். கனரக எஞ்சினுக்கு அது வீண்செலவல்ல.

கிரைண்டிங் செய்த (ஜர்னல்களைச் சாணை பிடித்துத் தேய்த்த) கிராங்க் என்றால் மைக்ரோமீட்டர் காட்டும் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ரேடியஸ் கேஜை எடுத்து மூலை வளைவைப் பாருங்கள். வளைவு சிறுத்திருந்தாலோ படிபோல ஒரு கோடு விழுந்திருந்தாலோ அழுத்தம் முழுதும் அங்கே குவியும். வளைவு பெரிதாகிவிட்டால் பேரிங் ஓரம் அதில் ஏறி உரசும். நைட்ரைடு செய்த (நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய) கிராங்க்கின் கடினத் தோல் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கிரைண்டிங்கில் அது குறைந்தால் மீண்டும் கடினப்படுத்த முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: பொருத்தித் தொடங்குங்கள்

பேரிங் கேப்களின் எண்ணும் திசையும் மாறக் கூடாது. ஆயில் இடைவெளி, முன்பின் ஆட்டம், போல்ட் முறுக்கு மூன்றையும் அந்த எஞ்சினின் கையேட்டைப் பார்த்து வையுங்கள்.

முதல் தொடக்கத்துக்கு முன் ஆயில் வழிகளை நிரப்பியாக வேண்டும். பழைய கேட்டர்பில்லர் எஞ்சின்களில் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின்தான் பெரிய எஞ்சினைச் சுற்றித் தொடங்க வைக்கும். அப்படிப்பட்டதில் பெரிய எஞ்சினின் கம்ப்ரஷனை விடுவித்து, டீசலை நிறுத்தி, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை சும்மா சுற்றவிடலாம். எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் என்றால் வெளி பம்ப்பால் ஆயில் ஏற்றுங்கள். முள் அசையாமல் டீசலைத் திறக்காதீர்கள். சில மணி நேரம் மிதமாக ஓட்டிய பிறகு முதல் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வேலைக்கு விடுங்கள்.