சேலத்துத் தட்டுவடை செட்டை நடந்து சென்று சுவைப்பது எப்படி?

சேலத்துக்கு வரும் விருந்தினர் பலர் ஒரு பொட்டலம் தட்டுவடை (மாவைத் தட்டிப் பொரித்த மொறுமொறுப்பான தட்டை) வாங்கிக்கொண்டு, இந்த ஊரின் தின்பண்டத்தை அறிந்துவிட்டதாக எண்ணி ரயில் ஏறிவிடுகிறார்கள். தட்டுவடை வேறு, தட்டுவடை செட் வேறு. செட் என்பது இரண்டிரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்டினியும் காய்கறியும் வைத்து, கேட்டவரின் கண்ணெதிரே சேர்க்கப்பட்டு, சேர்த்த சில நிமிடங்களுக்குள் தின்ன வேண்டிய பண்டம். சட்டினியின் ஈரம் உள்ளே இறங்கிவிட்டால் நமத்துப் போகும். ஏற்காட்டில் தங்கியிருந்த உறவினருக்காக ஒருமுறை 10 செட்டுகளைப் பார்சல் கட்டிக்கொண்டு போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேர்ந்தபோது பொட்டலத்தில் சிவந்த கூழ்தான் இருந்தது. உண்பவர்தான் செட் விற்கும் தள்ளுவண்டியைத் தேடி நடக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

நடைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டி எந்தக் கிழமையில் வராது, யார் சட்டினியில் காரம் தூக்கலாக இருக்கும் என்பதெல்லாம் அந்தப் பேட்டையில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அழைத்துச் செல்பவர் நீங்களாக இருந்தால், நான்கு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். தள்ளுவண்டியின் முன்னே நின்று கைவேலையைப் பார்க்க அவ்வளவு இடம்தான் உண்டு. ஹாங்காங்கின் ஷாம் ஷூய் போ பகுதியில் கான்டனீஸ் (தென்சீன) உணவை அறிமுகப்படுத்தும் நடை ஒன்றில் நான் கலந்துகொண்டபோது, அரிசி மாவை மெல்லிய தாள்போல ஆவியில் வேகவைத்துச் சுருட்டி, இனிப்புச் சாறும் எள் விழுதும் ஊற்றித் தரும் சியுங் ஃபன்னை வழிகாட்டி நால்வருக்கும் சேர்த்து ஒரே தட்டாக வாங்கினார். வயிறு நிறைந்துவிட்டால் அடுத்த கடையின் ருசி நாக்கில் ஏறாது என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இங்கேயும் அதையே செய்யுங்கள்: ஒரு வண்டியில் இருவருக்கு ஒரு செட் போதும்.

மாலை ஐந்தரை மணிக்குக் கடைவீதியில் ராஜகணபதி கோயிலருகே கூடுவது வசதியாக இருக்கும். அங்கிருந்து கோட்டை மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுக் குகை என்ற பேட்டையின் பக்கம் நடக்கலாம். கிழக்கே போக விரும்பினால் அம்மாப்பேட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் நெசவாளர்கள் மிகுந்த பகுதிகள். ஆடி மாதத்தில் குகையில் அலங்கரித்த வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை நடக்கும் நாளில் கூட்டம் நெருக்கித் தள்ளும் என்பதால், நின்று நிதானமாகச் சுவைக்க விரும்புவோர் வேறு நாளை வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வண்டியில் எதையும் மாற்றச் சொல்லாமல் சாதாரண தட்டுவடை செட்டையே கேளுங்கள். கடைக்காரர் உள்ளங்கை அளவுகூட இல்லாத தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் கொத்தமல்லியும் புதினாவும் அரைத்த பச்சைச் சட்டினியையும், மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்டினியையும் விரலாலோ கரண்டியாலோ தடவுவார். அதன்மேல் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றைக் குவித்து, இன்னொரு தட்டுவடையால் மூடி அமுக்கும்போது மெல்லிய முறிவுச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எழுந்தால் தட்டுவடை புதியது என்று நம்பலாம். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டாகக் கடிக்க முயலாமல் முழுதாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் மொறுமொறுப்பும், பிறகு பீட்ரூட்டின் தித்திப்பும், கடைசியில் பூண்டின் காரமும் அடுத்தடுத்து வருவதற்காகவே அது அந்த அளவில் செய்யப்படுகிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது வண்டியில் முறுக்கு செட்டையும், மூன்றாவதில் நொறுக்கலையும் கேட்கலாம். தட்டுவடையையோ முறுக்கையோ கையால் நொறுக்கிக் காய்கறியும் சட்டினியும் சேர்த்துக் கிளறித் தருவதே நொறுக்கல். இதில் ஈரம் எல்லாத் துண்டுகளிலும் பட்டுவிடுவதால் செட்டைவிட விரைவாக நமத்துவிடும். பேசிக்கொண்டே கையில் வைத்திருக்கக் கூடாது. சில வண்டிகளில் முட்டை சேர்த்த நொறுக்கலும் உண்டு. சைவ உணவினர் இருந்தால், முட்டை புழங்காத வண்டிதானா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்; வேர்க்கடலை ஒவ்வாதவர்களும் மாவிலும் சட்டினியிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று விசாரித்த பின்னரே உண்ண வேண்டும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். படம் எடுக்க விரும்பினால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் எடுங்கள். அவருக்கு மாலை வியாபாரம் சில மணி நேரம்தான்.

வழியில் மளிகைக் கடை திறந்திருந்தால் ஜவ்வரிசியையும் காட்டலாம். தென்கிழக்காசியாவில் சேகோ பனையின் தண்டிலிருந்து எடுக்கப்படும் மாவால் செய்யப்படுவது, இங்கே மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து உருவாகிறது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. கான்டனீஸ் மக்கள் தேங்காய்ப் பாலில் ஜவ்வரிசியிட்டு உண்ணும் சாய் மாய் லோவைச் சொன்னால், நம் ஜவ்வரிசிப் பாயசத்தை அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கோடையில் வந்தால் சின்னக்கடை வீதியில் மல்கோவா வாங்கலாம், ஆனால் அதை நடை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழத்தின் இனிப்புக்குப் பின் செட்டின் ருசி எடுபடாது.

ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர் செட்டாகக் கட்டச் சொல்லாமல், தட்டுவடையை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டினியை வீட்டில் கெட்டியாக அரைத்து, கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவிப் பிழிந்து தயாராக வைத்து, உண்பவர்கள் தட்டின் முன் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுங்கள்.