சிரிஞ்சுக்குள் ரத்தம் வரக்கூடாது: நுரையீரல் ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஊசி போடும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். நரம்பு சரியாகக் கிடைத்திருக்கிறதா என்று பார்க்க, பிஸ்டனை லேசாகப் பின்னால் இழுத்தார். சிரிஞ்சுக்குள் சிவப்பாக ஒரு கீற்று சுருண்டு வந்தது. "நிறுத்துங்க தம்பி, அதைப் போடாதீங்க" என்றேன். என் முதல் வருடத்தில் நான் செய்த அதே தவறு. பெயர், கர்ப்பம் கேட்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

ரத்தத்தைப் பின்னிழுப்பது

நுரையீரலின் ரத்த ஓட்டத்தில் ரத்தக்கட்டி அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க நாம் செலுத்துவது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய எம்.ஏ.ஏ., அதாவது அல்புமின் என்ற புரதத்தின் துகள்கள். பெரும்பாலானவை 10 முதல் 90 மைக்ரான். நுண்குழாய்களைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிடும். ரத்தம் சிரிஞ்சுக்குள் வந்தால் துகள்கள் அதோடு ஒட்டிக் கட்டியாகும். அதை உள்ளே தள்ளினால் படத்தில் அங்கங்கே பளீரென்று புள்ளிகள். மற்ற இடமெல்லாம் மங்கி, உண்மையான அடைப்பு எங்கே என்றே தெரியாது.

என்னிடம் அப்படி மாட்டியவர் சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு அம்மா. கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து போட்டு சி.டி. எடுக்க முடியாமல்தான் எங்களிடம் அனுப்பினார்கள். டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம்; முதல் ஊசியின் கதிர்வீச்சு அடங்காமல் உடனே திரும்ப எடுக்க வழியில்லை. ரத்தக்கட்டியா இல்லையா என்று தெரியாமலே இன்னொரு நாள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடியது. அந்த அம்மாவின் மகன் வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதலில் சலைன் (உப்பு நீர்) தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போனால், அப்புறம் மருந்து. நோயாளி நாலைந்து தடவை மூச்சு விடும் நேரத்துக்கு மெதுவாகச் செலுத்துங்கள்.

சிரிஞ்சைப் புரட்டாமல் போடுவது

துகள்கள் அடியில் படியும். புரட்டுங்கள்.

உட்காரவைத்து ஊசி

துகள்கள் கீழ்ப்பகுதிக்கே இறங்கிவிடும். மல்லாக்கப் படுக்கவையுங்கள். மூச்சுத் திணறலால் படுக்க முடியாதவர் என்றால் ஊசி போட்ட நிலையைச் சீட்டில் எழுதுங்கள்.

எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை

வழக்கமாக 2 முதல் 7 லட்சம் துகள்கள் போகும். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தாலோ, இதயத்தில் வலமிருந்து இடமாக ரத்தம் கலந்தாலோ 1 முதல் 2 லட்சத்தோடு நிறுத்துங்கள்.

எக்ஸ்ரே பார்க்காமல் ரிப்போர்ட்

கூடவே கூடாது. நிமோனியாவும் படத்தில் வெற்றிடமாகத்தான் தெரியும்.

"சி.டி. நார்மல், ஸ்கேன் எதற்கு?"

பழைய ரத்தக்கட்டிகளால் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியவர்களிடம் சி.டி. சில நேரம் கோட்டைவிடும். காற்றோட்டம், ரத்த ஓட்டம் இரண்டையும் ஒப்பிடும் நம் ஸ்கேன் நார்மல் என்றால் அந்த நோய் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். டாக்டர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.