மலை வீட்டுச் சுவரில் விரிசலா? பூசுவதற்கு முன் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் சுவர் விரிசல் விட்டால் பெயின்டரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சைட் மேஸ்திரியான நான் சொல்வது: இப்போதைக்குப் பூசாதீர்கள்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். இருபுறமும் ஒவ்வொரு ஸ்க்ரூ பதித்து, இடைவெளியை மாதாமாதம் வெர்னியர் காலிப்பரால் (மில்லிமீட்டரிலும் நுணுக்கமாக அளக்கும் கருவி) அளங்கள். வடகிழக்குப் பருவமழையும் கோடையும் அந்தக் கணக்கில் வந்தாக வேண்டும். மாறி மாறித் திறந்து மூடினால் மண் ஊறிச் சுருங்குகிறது. விரிந்துகொண்டே போனால் அடியில் ஏதோ அமுங்குகிறது. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறி, மேலே அகலமாக இருக்கும் விரிசல், பெரும்பாலும் அந்த ஓரம் இறங்குகிறது என்று சொல்லும். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழையை விட்டுவிடலாம்.

கட்டபெட்டில் ஒரு வீடு. பள்ளத்துப் பக்க அறை மட்டும் இறங்கியிருந்தது. "களிமண் பூமிங்க மேஸ்திரி, என்ன செய்ய?" என்றார் வீட்டுக்கார அம்மா. சுவரோரமாக ஒரு குழி வெட்டினோம். பாலித்தீன் பை, ஓட்டுச்சில்லு, கறுப்பு மேல்மண். எல்லாம் கொட்டுமண், அதன் மேல்தான் கடைக்கால் உட்கார்ந்திருந்தது. வீட்டின் மறுபாதி வெட்டிய கெட்டி மண்ணில். இரண்டும் சேரும் கோட்டில்தான் விரிசல் ஓடியது. போதாததற்குச் சமையலறைத் தண்ணீரும் அந்தப் பக்கமே இறங்கிக்கொண்டிருந்தது. மலையில் முதலில் தேட வேண்டியது கொட்டுமண், இறங்கும் தண்ணீர் இந்த இரண்டையும்தான். சோக் பிட் (கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் குழி), மேல்புறச் சாக்கடை, தடுப்புச் சுவரில் அடைத்துப்போன வடிகால் துளைகள், ஒன்றையும் விடாதீர்கள்.

குழியை மழை நாளில் வெட்டாதீர்கள், கடைக்காலுக்கு அடியிலும் தோண்டாதீர்கள். கிடைத்த மண்ணை ஈரமாக்கி 3 மி.மீ. திரியாக உருட்டிப் பாருங்கள். உடையாமல் வந்தால் களி அதிகம். களி வீங்குமா என்பது வேறு கேள்வி. காய்ந்த மண்ணை நுண்சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவையில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய்; மண்ணெண்ணெயில் களி வீங்காது. கலக்கி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 15 என்று படிந்தால் வீக்கம் 50 சதவீதம்; அதைத் தாண்டினால் லேபுக்கு அனுப்புங்கள். கோவைக் கரிசல் நன்றாக வீங்கும். நம் செம்மண் பெரும்பாலும் அவ்வளவு வீங்காது, ஊறினால் இளகும்.

முற்றத்தில் பிறை போல வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று கலங்கலாக ஊற்று என்று தெரிந்தால் அது வீட்டுச் சமாச்சாரமே இல்லை, சரிவு நகர்கிறது. 2009 நவம்பரில் இந்த நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் போனார்கள். அளந்துகொண்டு நிற்காமல் வெளியேறித் தாசில்தாருக்குச் சொல்லுங்கள்.

அப்படி இல்லையென்றால் முதலில் தண்ணீரைத் திருப்புங்கள். அடுத்த மழை முடியும் வரை அளவு மாறவில்லையா, சரி, பூசுங்கள். மாறினால் இன்ஜினியரை அழைத்துக் கடைக்காலை ஆழப்படுத்த வேண்டியதுதான். அதையும் சிறு சிறு துண்டாகத்தான் எடுக்க வேண்டும், ஒரே மூச்சில் நீளத்துக்கும் வெட்ட விடாதீர்கள்.