வாராவாரம் தோரா படிக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோரான்னா மோசேயோட அஞ்சு புத்தகம், ஆதியாகமத்துலேந்து உபாகமம் வரைக்கும். யூதர்கள் இதை 54 பகுதியா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் பராஷான்னு பேரு, ஜெப ஆலயத்துல சனிக்கிழமை காலையில சுருளை எடுத்து வச்சு ஏழு பேரை ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கூப்பிட்டு வாசிப்பாங்க, வருஷ வாசிப்பு முடியற சிம்ஹாத் தோரா பண்டிகை அன்னிக்கு உபாகமத்தோட கடைசி வரியை முடிச்ச கையோட ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எடுத்துடுவாங்க. இப்போ தமிழ்லயும் இந்த வரிசைப்படி படிக்கறவங்க இருக்காங்க, சந்தோஷமான விஷயம், ஆனா பகுதியைப் படிச்சுட்டு "இதுல நமக்கு என்ன செய்தி"ன்னு ஒரு வரியை மட்டும் எடுத்துக்கிட்டு நகந்துடறதைத்தான் அதிகம் பாக்கறேன். அங்கதான் கோட்டை விடறோம். தோராவுல கட்டளைன்னா எவ்வளவு, எப்போ, யாருக்குங்கற கேள்வியெல்லாம் சேந்து வர்ற கடமை. அந்தச் சின்னச் சின்ன விவரத்துலதான் அறமே இருக்கு.

முதல் தப்பு, போர் அடிக்குதுன்னு சில பகுதிகளைத் தள்ளிட்டுப் போறது. லேவியராகமம் 12லேந்து 15 வரைக்கும் வர்ற தஸ்ரியா, மெட்சோரா ரெண்டும்தான் இதுல முதல்ல அடிபடும். குஷ்டரோகம், வெள்ளைத் தழும்பு, ஆசாரியன் வந்து பாக்கறது, ஏழு நாள் அடைச்சு வைக்கறதுன்னு போகும், பழைய காலத்து மருத்துவக் குறிப்புன்னு நினைச்சு பக்கத்தைத் திருப்பிடுவாங்க. ஆனா இந்த நோய் துணியிலயும் வருது, வீட்டுச் சுவர்லயும் வருது, அப்போ இது வேற ஏதோ விஷயம்னு புரியணும்ல. 14ஆம் அதிகாரத்துல ஒரு வரி இருக்கு: வீட்டுச் சுவத்தைப் பாக்க ஆசாரியன் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வீட்டுல இருக்கற சாமானையெல்லாம் வெளிய எடுத்து வச்சிடணும். ஏன்னா அவர் வந்து பாத்து "தீட்டு"ன்னு சொல்லிட்டா உள்ள இருக்கற எல்லாமே தீட்டாயிடும். ரபிகள்னு சொல்ற யூத வேத அறிஞர்களோட பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா, அதுல ரபி மேயிர் இதைப் பிடிச்சுக்கிட்டு கேக்கறார், மரச்சாமான், துணி, உலோகப் பாத்திரம் இதையெல்லாம் தண்ணில முக்கி எடுத்தா சுத்தமாயிடுமே, அப்புறம் தோரா எதுக்காக இவ்ளோ கவலைப்படுது? மண்பாண்டத்துக்காக. தீட்டுப்பட்ட மண்சட்டியை உடைக்கறதைத் தவிர வேற வழியில்ல. அந்த ஆளோட மண்சட்டியும் எண்ணெய்க் குடுவையும் வீணாகக் கூடாதுன்னு பாத்து எழுதின சட்டம் அது. கல்யாண மாப்பிள்ளை உடம்புல தழும்பு தெரிஞ்சா விருந்து நடக்கற ஏழு நாளும் முடியற வரைக்கும் பரிசோதிக்காம விட்டுடணும்னு இன்னொரு இடத்துல வருது. இதையெல்லாம் தள்ளிட்டுப் போனா மனசு கேக்குமா?

அடுத்தது "கண்ணுக்குக் கண்". யாத்திராகமம் 21, மிஷ்பாதிம் பகுதி. இதைப் படிச்சுட்டு பழிக்குப் பழி வாங்கற மதம்னு முடிவு கட்டறவங்க எக்கச்சக்கம். மிஷ்னாவையும் அதைப் பத்தின ரபிகளோட விவாதங்களையும் சேத்த நூல் தல்மூத், அதுல நஷ்டஈட்டைப் பத்தின பாவா கம்மாங்கற பகுதியோட எட்டாம் அதிகாரத்தை ஒரு தடவை பாத்தா அந்தப் பேச்சே எழாது. ரபிகள் இதை நஷ்டஈடுன்னுதான் எடுத்துக்கறாங்க, காரணமும் சொல்றாங்க: ஏற்கெனவே பார்வை இல்லாத ஒருத்தர் இன்னொருத்தர் கண்ணைக் கெடுத்துட்டா பதிலுக்கு அவர்கிட்ட எதை எடுப்ப? எண்ணாகமம் 35ல கொலைகாரன் உயிருக்கு ஈடா பணம் வாங்காதேன்னு தனியா சொல்லியிருக்கு, அப்படின்னா உடல் உறுப்புக்கு வாங்கலாம்னுதானே அர்த்தம். காயப்படுத்தினவர் அஞ்சு வகையில கட்டணும், உறுப்பு போன இழப்பு, வலி, வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாம போன நாளுக்கான காசு, அவமானம். அந்த நாலாவதைக் கணக்குப் போடறப்போ அவரை வெள்ளரித் தோட்டத்துக் காவல்காரர் மாதிரி வச்சு கூலி போடணும்னு மிஷ்னா சொல்லுது, உறுப்பு போனதுக்கு ஈடு முன்னாடியே கொடுத்தாச்சு, இனி அவரால உக்காந்து பாத்துக்கற வேலை செய்ய முடியும், அந்தக் கூலியும் இப்போ படுத்திருக்கறதால போச்சேன்னு அவ்ளோ நுணுக்கமா யோசிச்சிருக்காங்க. இத்தனையும் கட்டி முடிச்சாலும் காயப்பட்டவர்கிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேக்கற வரைக்கும் மன்னிப்பு கிடையாதுன்னு அதே அதிகாரத்துல இருக்கு. அதையும் சேத்துப் படிச்சாத்தான் முழுசா படிச்ச மாதிரி.

கெதோஷிம் பகுதி, அதாவது லேவியராகமம் 19, இதுல நடக்கற தப்புதான் எனக்கு ரொம்ப வருத்தம். "பிறனிலும் அன்புகூருவாயாக"ங்கறது இங்க 18ஆம் வசனம், இது புதிய ஏற்பாட்டுலதான் முதல்ல வந்ததுன்னு இன்னமும் நம்பறவங்க இருக்காங்க. தோராவோட பெரிய விதி இதுதான்னு ரபி அகிவா சொன்னது சரி, ஆனா அந்த ஒரு வரியை மட்டும் கத்தரிச்சு எடுத்துக்கிட்டா அன்புங்கறது வெறும் நல்ல எண்ணமா போயிடும். மேல ஒம்பதாம் வசனத்துலேந்து வாங்க. வயலை அறுக்கும்போது ஓரத்தை விட்டுடு, கீழ விழுந்த கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். ஓரத்துக்கு எவ்வளவு விடணும்? குறைஞ்சது அறுபதுல ஒரு பங்குன்னு மிஷ்னா. இன்னொண்ணு, வயல்காரர் "இவருக்குத் தரேன், அவருக்குத் தரமாட்டேன்"னு ஆள் பாத்துக் கொடுக்க முடியாது, வர்றவங்க அவங்களே எடுத்துக்கணும். கொடுக்கறவர் கையைப் பாத்து யாரும் நிக்க வேணாம், அப்படி ஒரு ஏற்பாடு.

அப்புறம் 13ஆம் வசனம், கூலியாளோட கூலி விடியற வரைக்கும் உன்கிட்ட தங்கக் கூடாது. உபாகமம் 24ல பொழுது சாயறதுக்குள்ள கொடுன்னு இருக்கு. ரெண்டும் முரண்படுதேன்னு சிலர் கேக்கறாங்க, முரண் இல்ல. பகல் வேலை செஞ்சவருக்கு ராத்திரி முடியறதுக்குள்ள, ராத்திரி வேலை செஞ்சவருக்கு அடுத்த பகல் முடியறதுக்குள்ளன்னு ரபிகள் ரெண்டு வசனத்தையும் பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. இந்த ஆள் மரத்துல தொங்கி உயிரைப் பணயம் வச்சதே இந்தக் கூலிக்குத்தானேன்னு தல்மூத் கேக்குது. வீட்டு வேலை செய்யறவங்க சம்பளத்தை "நாளைக்கு வாங்கிக்கோம்மா"ன்னு தள்ளிப் போட்டுட்டு அன்பைப் பத்தி ஸ்டேட்டஸ் போடறது இந்த அதிகாரத்துக்கு நேர் எதிரானது.

14ஆம் வசனத்துல பார்வை இல்லாதவர் முன்னாடி தடுக்கல் வைக்காதேன்னு வருது, நாம யாருப்பா போய் கல்லு வைக்கப் போறோம்னு சுலபமா கடந்துடறோம். 11ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல வாழ்ந்த, தோராவுக்கு விளக்கவுரை எழுதின ராஷி பழைய விளக்கத்தை எடுத்துச் சொல்றார், ஒரு விஷயம் தெரியாதவர்தான் அந்த விஷயத்துல பார்வை இல்லாதவர், அவருக்குத் தப்பான யோசனை சொல்லாதே. உதாரணமும் உண்டு: "நிலத்தை வித்துட்டு கழுதை வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டு அந்த நிலத்தைத் தானே வளைச்சுப் போடறது. சொன்னவன் மனசுல என்ன இருந்ததுன்னு ஊருக்குத் தெரியாது, நல்லதுக்குத்தான் சொன்னேன்னு தப்பிச்சுக்கலாம், அதனாலதான் அந்த இடத்துல "உன் தேவனுக்குப் பயப்படு"ன்னு சேத்திருக்குங்கறார்.

16ஆம் வசனம் கோள் சொல்லிட்டுத் திரியாதே. இங்க எல்லாரும் பண்ற தப்பு, "நான் உண்மையைத்தானே சொன்னேன்"ங்கறது. லஷோன் ஹரான்னு யூதர்கள் சொல்றதே உண்மையா இருந்தாலும் இன்னொருத்தருக்குக் கெடுதல் பண்ற பேச்சைத்தான், பொய்யா இருந்தா அது இன்னும் பெரிய குத்தம். ராதின் ஊர்ல இருந்த ரபி இஸ்ரேல் மேயிர் ககன் 1873ல இதுக்குன்னே ஒரு சட்டப் புத்தகம் போட்டார், ஹஃபேட்ஸ் ஹயிம்னு அந்தப் புத்தகத்தோட பேராலயே அவரை இன்னிக்கும் கூப்பிடறாங்க. ஆனா எதிர்ப்பக்கத் தப்பும் இருக்கு. அதே வசனத்தோட பின்பாதி, பிறனோட ரத்தம் சிந்தறப்போ சும்மா நிக்காதேன்னு சொல்லுது. ஏமாத்துக்காரன் ஒருத்தனோட உங்க நண்பர் கூட்டு வியாபாரம் ஆரம்பிக்கப் போறார்னு தெரிஞ்சும் "நமக்கெதுக்கு வம்பு"ன்னு வாயை மூடிக்கிட்டா அதுவும் மீறல்தான். சொல்லணும், ஆனா நிச்சயமா தெரிஞ்சிருக்கணும், கூட்டிச் சொல்லக் கூடாது, பழைய பகையைத் தீத்துக்கறதுக்காக இருக்கக் கூடாது, வேற வழியில அவரைக் காப்பாத்த முடிஞ்சா அதைத்தான் செய்யணும்.

17ஆம் வசனத்தைக் காட்டி அடுத்தவங்களை நாலு பேர் முன்னாடி கண்டிக்கறவங்க, அந்த வசனத்தைக் கடைசி வரைக்கும் படிங்க. கண்டிக்கலாம், அதுக்காக அவர் முகம் வெளிறிப் போற அளவுக்கு அவமானப்படுத்தி அந்தப் பாவத்தை நீ சுமக்காதேன்னுதான் ரபிகள் புரிஞ்சுக்கறாங்க.

கடுமையான வசனம் வந்தா பயந்து மூடிடறதும் தப்பு, "யூதர்கள் இப்படித்தான் சொல்றாங்க"ன்னு ஒரே கருத்தா பேசறதும் தப்பு. உபாகமம் 21ல அடங்காத பிள்ளையைக் கல்லெறிஞ்சு கொல்றது வருது. தல்மூத்துல ஒரு கருத்து, அப்படி ஒரு பிள்ளை இருந்ததும் இல்ல, இருக்கப் போறதும் இல்ல, படிச்சுப் பலன் அடையறதுக்காக எழுதினதுன்னு. பக்கத்துலயே ரபி யோனத்தான், இல்ல, நான் பாத்திருக்கேன், அவன் கல்லறை மேல உக்காந்திருக்கேன்னு சொல்றார். ரெண்டையும் அழிக்காம வச்சிருக்காங்க.

தோராவுல மொத்தம் 613 கட்டளைன்னு ரபிகள் சொல்ற கணக்கைக் கேட்டதும் செக்லிஸ்ட் போட்டு நாமளும் கடைப்பிடிக்கக் கிளம்பறதையும் விட்டுடுங்க. அதுல நிறைய, கி.பி. 70ல இடிக்கப்பட்ட ஆலயத்தோடயும் ஆசாரியர்களோடயும் சம்பந்தப்பட்டது, சிலது இஸ்ரேல் நிலத்துக்கு மட்டும் உள்ளது. யூதர் அல்லாதவங்களுக்கு மனுஷங்க எல்லாருக்கும் பொதுவான, நோவாவோட ஏழு கட்டளைதான்னு அவங்களே சொல்றாங்க. ஷோபார்ங்கற கொம்பை ஊதறது, தாலித்ங்கற ஜெபப் போர்வையைப் போத்திக்கறதெல்லாம் அவங்க கடமையைச் சேந்தது, ஆசீர்வாதப் பொருளா அதை எடுத்துக்கறது மரியாதை இல்ல.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். பஸ்கா பண்டிகை இஸ்ரேல்ல ஏழு நாள், வெளியில பாரம்பரிய முறைப்படி எட்டு நாள், அந்த எட்டாம் நாள் சனிக்கிழமையில வந்தா இஸ்ரேல் ஒரு பகுதி முன்னாடி போயிடும், அதனால நீங்க பாக்கற அட்டவணை எந்த ஊருக்குன்னு பாத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி மொத்தமா உக்காந்து முடிக்காதீங்க, ஜெப ஆலயத்துல ஏழு பேர் வாசிக்கற அந்த ஏழு பிரிவையே ஞாயித்துக்கிழமைலேந்து நாளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு, வசனத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு ராஷி விளக்கத்தை ஒரு தடவை பாத்தா சனிக்கிழமைக்குள்ள அவசரமில்லாம முடிஞ்சிடும்.