ஷெல் டுவெல்லர் வளர்க்கத் தொடங்குபவர்கள் கொழும்பில் செய்யும் தவறுகள்

கொழும்பில் ஷெல் டுவெல்லர் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள், எனக்குச் சந்தோஷம்தான். இரண்டடித் தொட்டி, மணல், கொஞ்சம் நத்தை ஓடு, அதற்குள் வீடு பிடித்து, எல்லை போட்டு, சண்டை பிடித்து, குஞ்சு வளர்க்கும் விரலளவு மீன்கள். அப்பார்ட்மென்ட் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சிக்லிட் குடும்பத்து மீன் கிடையாது. ஆனால் புதிதாகத் தொடங்குகிற ஆட்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால், ஒருவர் விழுந்த அதே குழியில் அடுத்தவரும் போய் விழுகிறார். தீனியை அள்ளிப் போடாதே, வெயில் படும் ஜன்னலோரம் தொட்டியை வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எந்த மீன் என்று கேட்காமல் வாங்குவது

"ஷெல் டுவெல்லர் இருக்கு" என்று கடையில் சொன்னால் உடனே காசை நீட்டாதீர்கள். எல்லாம் ஆப்பிரிக்காவின் டங்கனிக்கா ஏரி மீன்தான், ஓட்டுக்குள் முட்டையிடுகிறவைதான், ஆனால் குணம் வேறு வேறு.

மல்ட்டி என்று நாம் கூப்பிடும் மல்ட்டிஃபாசியாட்டஸ் கூட்டமாக வாழும். ஆண் நாலரை சென்ரிமீற்றர் வந்தாலே பெரிய மீன். ஆறோ எட்டோ குஞ்சுகளை வாங்கி விட்டால் போதும், ஆண் பெண் கணக்கை அவையே பார்த்துக்கொள்ளும். முதல் தடவை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இதைத்தான். சிமிலிஸும் கிட்டத்தட்ட அப்படியே. அதில் உடம்புக் கோடுகள் தலைப்பக்கம் வரைக்கும் ஏறியிருக்கும், மல்ட்டியில் தலையில் கோடு இராது. இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள், கலப்புக் குஞ்சு வந்தால் பிறகு யாருக்கும் கொடுக்க முடியாது.

ஒசலாட்டஸ் வேறு கதை. தங்க நிறத்தில் வருவதால் எல்லோருக்கும் அதில்தான் கண். இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஆண், அதோடு ஒன்றோ இரண்டோ பெண், அவ்வளவுதான். இரண்டாவது ஆண் இருந்தால் மூலையில் ஒதுங்கி, செட்டை கிழிந்து, ஒரு நாள் காலையில் செத்துக் கிடக்கும். சின்னதில் ஆண் பெண் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால் ஐந்தாறு வாங்கி வளர்ப்பது சரியான வழி. ஆனால் சோடி சேர்ந்ததும் மிச்சத்தை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது.

பி.எச். ஏற்றும் போத்தல்

பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். அதை ஏற்றும் போத்தலைப் பற்றி நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைக்கும் விடயம் இது.

வெள்ளவத்தையில் ஒரு தம்பி ஒசலாட்டஸ் வாங்கினார். மீன்கள் நன்றாகத் தின்று, ஓட்டைச் சுற்றி மணலைத் தோண்டத் தொடங்கியிருந்தன. தொட்டி புதிது, அமோனியாவை மாற்றும் பக்டீரியா பில்டரில் இன்னும் பிடிக்கவில்லை, மீன் கழிவில் இருந்து வரும் அமோனியா கொஞ்சம் காட்டியது. அந்த நேரம் பார்த்து மீன் விற்ற கடையில், "டங்கனிக்கா மீனுக்கு எட்டரை வேணும், உங்கட தண்ணி ஏழுகூட இல்லை, இதை ஊத்துங்கோ" என்று ஒரு போத்தலைக் கொடுத்திருக்கிறார்கள். இரவு ஊற்றியிருக்கிறார், டெஸ்ட் கிட் எட்டரை காட்டியிருக்கிறது, நிம்மதியாகப் படுத்திருக்கிறார். விடிய எனக்குப் போன். "அண்ணா, எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, ஒண்டு சரிஞ்சு கிடக்குது." பின்னேரத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடியிருக்கிறார் பாவம். அந்த மீன்களுக்கு ஒரு நோயும் இல்லை.

நடந்தது இதுதான். தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். அமோனியமாக இருக்கும் பங்கு மீனைப் பெரிதாகத் தாக்காது. மற்றப் பங்கு செவுளைப் பொசுக்கிவிடும். எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 பாகை செல்சியஸில், பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சான பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். எட்டரை என்றால் ஏறத்தாழ 15 சதவீதம். கொழும்புச் சூட்டில் இன்னும் கூடும். அந்தத் தம்பியின் தண்ணீர் 6.8 இல் இருந்து எட்டரைக்குப் போனது. அதாவது தொட்டியில் புதிதாக ஒரு துளி அழுக்கும் சேராமலே, ஒரே இரவில் நஞ்சு 40 மடங்கு ஆகிவிட்டது. அமோனியா காட்டும் தொட்டியில் பி.எச்.சைத் தொடவே கூடாது. முதலில் அமோனியா பூச்சியத்துக்கு வரட்டும், மற்றதெல்லாம் பிறகு.

சரி, அமோனியா இல்லாத தொட்டியில் ஊற்றலாமா என்றால், அதுவும் வீண் வேலை. ஏன் என்று விளங்க நம்முடைய தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கொழும்புக்குக் குழாயில் வருவது அம்பத்தலையில் சுத்திகரிக்கும் களனி கங்கைத் தண்ணீர், அல்லது லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் தண்ணீர். மலையில் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறையைத் தொடாமல் ஓடி வருவது. குடிக்க அருமையான மென்தண்ணீர், ஆனால் அதில் கே.எச். என்று நாம் அளக்கும் பைகாபனேற் மிகக் குறைவு. பி.எச்.சைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பைகாபனேற்தான். அது இல்லாத தண்ணீரில் பி.எச். என்ற எண்ணை மட்டும் தூக்கி நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதோடு, பில்டரில் இருக்கும் பக்டீரியா அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும்போது இருக்கிற கொஞ்ச கே.எச்.சையும் தின்றுகொண்டே இருக்கும். எண் இறங்க இறங்க ஆள் திரும்ப ஊற்றுகிறார், மீன் ஏறி இறங்கி ஏறி இறங்கியே களைத்துப் போகிறது.

டங்கனிக்கா ஏரியை நினைத்துப் பாருங்கள். 1,470 மீற்றர் ஆழம், தான்சானியா, கொங்கோ, புருண்டி, சாம்பியா என்று நான்கு நாடுகளுக்கு நடுவே கிடக்கிறது. உள்ளே வரும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகத்தான் வெளியேறுகிறது, லுக்குகா என்ற ஒரு ஆறு மட்டும் கொஞ்சத்தைக் கொண்டு போகிறது. அதனால் உப்புச்சத்துகள் உள்ளேயே தங்கிச் சேர்ந்து, கே.எச். 16 பாகைக்கு மேல் நிற்கிறது, பி.எச். 9 இன் பக்கம் நிற்கிறது. இந்த மீன்களுக்குத் தெரிந்தது ஆடாத தண்ணீர். 8.2 இல் வருடக்கணக்காக நிற்கும் தொட்டியில் அவை குஞ்சு பொரித்துத் தள்ளும். இன்றைக்கு 8.8, நாளைக்கு 7.4 என்று ஆடும் தொட்டியில் ஓட்டை விட்டு வெளியே வராது.

ஆகவே கே.எச்.சை ஏற்றுங்கள், பி.எச். தானாக வந்து நிற்கும். இதற்குக் கடைப் போத்தல் தேவையில்லை, குசினியில் இருக்கும் அப்பச்சோடாவே பைகாபனேற்தான். 100 லீற்றர் தண்ணீருக்கு 3 கிராம் அப்பச்சோடா போட்டால் கே.எச். ஒரு பாகை ஏறும். பாமசியில் கிடைக்கும் எப்சம் உப்பு 4.4 கிராம் போட்டால் ஜி.எச்., அதாவது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினம், ஒரு பாகை ஏறும். எங்கள் குழாய்த் தண்ணீருக்கு நான் போடுவது 100 லீற்றருக்கு இரண்டிலும் 30 கிராம் அளவில். கே.எச். பன்னிரண்டின் பக்கம் வரும், பி.எச். எட்டுக்கு மேல் போய் நின்றுவிடும். கல்சியத்துக்கு, கோழித்தீனிக் கடையில் விற்கும் சிப்பி நொறுக்கை ஒரு துணிப்பையில் கட்டிப் பில்டரில் போடலாம். சிப்பியை மட்டும் நம்பி இருக்க முடியாது, பி.எச். எட்டை நெருங்க நெருங்க அது கரைவது மிகவும் மெதுவாகிவிடும். பவளக்கல் தேடிக் கடற்கரைக்குப் போகாதீர்கள், அதை எடுப்பது சட்டப்படி தடை. சமையல் உப்புப் போடச் சொல்கிறவர்களையும் கேட்காதீர்கள், இது கடல் மீன் இல்லை.

கரண்டியால் அள்ளாமல் சின்னத் தராசில் நிறுங்கள். தொட்டிக்குள் நேரடியாகக் கொட்டாமல், மாற்றப் போகும் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் கரைத்து ஊற்றுங்கள். மீன் இருக்கும் தொட்டி என்றால் கிழமைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மாதம் எடுத்து ஏற்றுங்கள். கடையில் இந்த மீன்கள் பெரும்பாலும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில்தான் கிடந்திருக்கும், அதனால் வாங்கி வந்த அன்றைக்குப் பையைப் பிரித்து உள்ளே கவிழ்க்காமல், மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று மணித்தியாலம் பழக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் இயல்பாகவே கடினம். ஆனால் தோட்டம் செய்யும் பக்கத்துக் கிணறு என்றால் உரத்தால் நைத்திரேற் ஏறியிருக்கும், அதை அளந்து பாருங்கள்.

குறைந்த தண்ணீரை நிரப்புவது

மேலே சொன்னதைச் சரியாகச் செய்கிறவர்கள்கூட இதில் பிழை விடுகிறார்கள். மாசி, பங்குனியில் காற்றாடி போட்டால் தொட்டித் தண்ணீர் கண்முன்னே குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்புகள் உள்ளேயே நிற்கும். அந்தக் குறைவை அப்பச்சோடா கலந்த தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் உங்கள் தொட்டியும் ஏரி மாதிரி இறுகிக்கொண்டே போகும், அதுவும் சில மாதங்களுக்குள். ஆவியானதற்குக் குளோரின் போன வெறும் குழாய்த் தண்ணீர். வெளியே எடுத்து மாற்றுவதற்கு மட்டும் கலந்த தண்ணீர்.

ஹீட்டர்

கொழும்பில் வேண்டாம்.

ஓடு

ஏரியில் இவை குடியிருப்பது நியோதோமா என்ற நத்தையின் ஓட்டில். அந்தத் தண்ணீரில் செத்த நத்தையின் ஓடு கரையாமல் குவிந்து கிடப்பதால்தான் இந்த வாழ்க்கையே சாத்தியமானது. இங்கே வயல் நத்தையின் ஓடு மிக நன்றாகப் பொருந்தும். வாய் அகலம், உள்ளே வழுவழுப்பு, திரும்பி வர இடம் இருக்கும். தோட்டத்தில் திரியும் பெரிய ஆப்பிரிக்க நத்தையின் ஓடும் சரிதான், ஆனால் அந்த நத்தை எலியில் இருந்து வரும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக் கூடியது, ஆகவே வெறும் ஓட்டைத்தான் எடுக்க வேண்டும், அதையும் கையுறை போட்டு. எந்த ஓடாக இருந்தாலும் நன்றாக அவித்து, உள்ளே ஒட்டியிருப்பது எல்லாம் போய், மணம் துளியும் இல்லை என்ற பிறகுதான் தொட்டிக்குள்.

கடல் ஓடு வடிவாக இருக்கும். உள்ளே ஒடுங்கிக் கூராகப் போகும் வகை என்றால் மீன் பயந்து உள்ளே ஓடி இறுகிவிடும். வார்னிஷ் பூசி அலங்காரத்துக்கு விற்கும் ஓடு எதுவுமே வேண்டாம்.

ஒரு மீனுக்கு மூன்று ஓடாவது போடுங்கள். மல்ட்டிக்கு நெருக்கமாகக் குவித்தும் ஒசலாட்டஸுக்குத் தள்ளித் தள்ளித் தனித்தனியாகவும் வைக்க வேண்டும். ஓட்டின் மேல்தோல் வெளுத்து மாவாக உதிர்ந்தால் உங்கள் தண்ணீர் இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது, கே.எச்.சை அளங்கள்.

மணல்

சலித்த மெல்லிய மணல், குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர். ஒசலாட்டஸ் ஓட்டை வாய் மட்டும் தெரியப் புதைக்கும். கல்லில் அதைச் செய்ய முடியாது.

மலாவி ஏரி மீன்களோடு விடுவது

விடாதீர்கள்.

திறந்த வாளி

குளோரின் போக வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கிறவர்கள் வலையால் மூடி வைக்க வேண்டும். மீனுக்கு நுளம்புக் குடம்பி நல்ல தீனி என்று பல்கனியில் வேண்டுமென்றே திறந்து வைக்கிற ஆட்களையும் கண்டிருக்கிறேன். 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தில் இது குற்றம், அதைவிட முக்கியமாக அந்த மாடிவீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் முட்டை வாங்கிப் பொரிக்க வையுங்கள், குஞ்சுகளுக்கும் அதுதான் தேவை.

குஞ்சைக் கண்டதும் கை வைப்பது

முட்டை ஓட்டுக்குள்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஒரு கிழமை, பத்து நாளுக்குப் பிறகு ஓட்டின் வாயில் ஊசிமுனை மாதிரிக் குஞ்சுகள் மிதக்கும். அந்தக் கணத்தில் பலருக்குக் கை பரபரக்கிறது. ஓட்டைத் தூக்குகிறார்கள், குலுக்குகிறார்கள், வேறு தொட்டிக்கு மாற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மல்ட்டிக் கூட்டத்தில் மூத்த குஞ்சுகளும் பெரிய மீன்களும் சின்னதுகளைத் தின்னாமல் ஒன்றாக வாழும், எல்லைக் கோடுகள் எல்லாம் அவை அவை பேசி முடித்தவை. நீங்கள் ஓடுகளை இடம் மாற்றி வைத்தால் சண்டை முதலில் இருந்து தொடங்கும், அதில் சாவது குஞ்சுதான். ஒசலாட்டஸில் மட்டும் கவனம் வேண்டும். அடுத்த தடவை முட்டை போடும் நேரம் முந்திய குஞ்சுகளைத் தாயே துரத்தும், அப்போது அவை ஒரு சென்ரிமீற்றர் தாண்டியிருந்தால் பிடித்து எடுக்கலாம்.

பிடிக்கவும் வலையோடு தொட்டியைக் கலக்க வேண்டாம். கையை மெதுவாக உள்ளே விட்டாலே அவை ஓட்டுக்குள் ஓடிவிடும். அந்த ஓட்டை வாய் மேலே இருக்கத் தூக்கி, பக்கத்தில் தொட்டித் தண்ணீர் நிரப்பி வைத்த பாத்திரத்துக்குள் அமிழ்த்தி, வாயைக் கீழே திருப்பி மெதுவாக ஆட்டுங்கள், ஒவ்வொன்றாக இறங்கும். வெறும் ஓட்டை எடுத்த அதே இடத்தில், வாய் அதே பக்கம் பார்க்கத் திரும்ப வையுங்கள். குஞ்சுகளை யாருக்காவது கொடுக்கும்போது உங்கள் தொட்டித் தண்ணீர் ஒரு போத்தலும், நூறு லீற்றருக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள் என்று எழுதிய துண்டும் சேர்த்துக் கொடுங்கள். கடையில் அதைச் சொல்ல மாட்டார்கள்.