கடைசி தெருவுல குளோரின் காட்டல, கோளாறு வால்வு குழில இருந்துச்சு

எங்க ஊர் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டில 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்குல 120 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் தினமும் ஊத்துறோம், தொட்டிக்கு கீழ உள்ள குழாய்ல டெஸ்ட் கிட் மஞ்சளா, அதாவது குளோரின் இருக்குன்னு காட்டுது, ஆனா கடைசி தெருவுல நிறமே வரல. அங்கயும் குறைஞ்சது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்சி இருக்கணும். பவுடர் பழசோன்னு புது மூட்டை பிரிச்சோம், தொட்டிய கழுவினோம், டோஸ கூட்டினோம், பக்கத்து வீடுகள்ல நெடி தாங்கலன்னாங்க. நாலு நாள் போச்சு.

அப்புறம்தான் கவனிச்சேன், திறந்துவிட்ட முதல் பத்து நிமிஷம்தான் நிறம் வரல, பிறகு வருது. லைனோட நடந்து பாத்தா சாக்கடை ஓரத்து கேட் வால்வு குழில தண்ணி நிக்குது. சப்ளைய நிறுத்தினதும் அந்த மட்டம் நாலு விரல் இறங்குச்சு! பள்ளத்து வீடுங்க மிச்சத் தண்ணிய பிடிக்கப் பிடிக்க, காலியாகுற பைப்பு தேஞ்ச கிளாண்ட் (வால்வு தண்ட சுத்தி கசிவ தடுக்குற அடைப்பு) வழியா அழுக்குத்தண்ணிய உள்ள இழுத்திருக்கு, அந்த அழுக்குதான் முதல்ல வர்ற தண்ணியோட குளோரின தீர்த்திருக்கு.

அந்த தெருவுல காய்ச்சி குடிக்கச் சொல்லிட்டு குழிய இறைச்சு, கிளாண்ட் கயிறு மாத்தி, குழி சுவர ஒரு அடி உசத்தி, கூடுதல் குளோரின் விட்டு லைன கடைசி குழாய் வழியா கழுவி விட்டோம். மறுநாள் முதல் குடத்துலயே மஞ்சள் வந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.