ஜெர்மனி ஆன்சைட்டா? சாமானைச் சனிக்கிழமையே வாங்கிடுங்க
ஆன்சைட், அதாவது கம்பெனி வேலையாக ஜெர்மனி போய், ஆபீஸ் நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு இது. ஞாயிற்றுக்கிழமை அங்கே சூப்பர் மார்க்கெட்டெல்லாம் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள்தான் கதி. பால், தயிர், காய்கறியை முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

தண்ணீர், கூல்டிரிங்ஸ் பிளாஸ்டிக் பாட்டில்களை நசுக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் டெபாசிட் பிடித்திருப்பார்கள். கடையிலுள்ள மெஷினில் போட்டால் ரசீது வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். நாலு பேர் இருக்கிற வீட்டில் அது சின்னத் தொகையில்லை. எங்கள் வீட்டில் அதைப் பொதுச் செலவு டப்பாவில்தான் போடுவோம்.

இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி வேண்டவே வேண்டாம். ஞாயிறு முழுவதும் இப்படிச் சத்தம் போடக் கூடாத அமைதி நாள், அதனால் அன்றைக்கான சட்னியையும் முதல் நாளே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.